மேலும் 1,138 வரிகள் மறைக்கப்பட்டுள்ளன

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு நேர் எதிரே
எங்கள் மாடி ஜன்னல்.
நாகர்கோவில் பஸ் டிரைவர் போகிறபோக்கில்
என் திரையை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போவார்.
அந்த ஒரு நொடிக்கு
சிவப்பா பச்சையா என்பது மட்டும்தான் விளங்கும்.
எங்கள் முதலாளிக்கும் அவ்வளவு போதும்.

இருநூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட்.
ரப்பர் பாலை எடைபோட்டு, உலர் சதவீதம் பார்த்து,
அன்றைய விலையால் பெருக்கி, முன்பணம் கழித்து
சனிக்கிழமை கணக்குத் தீர்க்கும் மென்பொருள்.

ஒன்று தோற்றால் முன்பெல்லாம் அத்தனையும் கொட்டும்.
எதிர்பார்த்த பட்டியல் முழுசாக,
கிடைத்த பட்டியல் முழுசாக,
யாரை யார் கூப்பிட்டார், அவரை யார் கூப்பிட்டார் என்று
ஒரு வம்சாவளி.
வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதை
பேச்சிப்பாறை அணையிலிருந்து சொல்லத் தொடங்குகிறவர்
எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டே,
அப்படி.

அனிஷ்டன்தான் அதன் வாயைக் கட்டினான்.
"தோத்தா தோத்துன்னு சொல்லட்டு பிரிஸ்கி,
கத எதுக்கு?"
விவரம்: பூஜ்யம்.
அதன்பின் ஜெயித்தால் ஒரு புள்ளி,
தோற்றால் ஒரு எஃப்.
எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்வானேன்,
எனக்கும் இருந்தது.

வியாழன் இரவு பத்தே முக்கால்.
புள்ளி புள்ளி புள்ளி புள்ளி
எஃப்.
எது என்றில்லை, எவ்வளவு என்றில்லை.
மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் அதே எழுத்து,
பல்லில் கல் பட்டதுபோல.
கேட்கலாமென்றால் அவன் நாற்காலி காலி.
காலையில் குரூப்பில் போட்டிருந்தான்,
ஒரே சொல்:
"வரல."
நாலு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தோம்.

விவரம்: ஒன்று.
எதிர்பார்த்தது 34.5. கிடைத்தது 34.4.
மேலும் 1,138 வரிகள் மறைக்கப்பட்டுள்ளன.

மறைக்கப்பட்டுள்ளன.
செயப்பாட்டு வினை. எழுவாயைக் காணோம்.

புள்ளிக்குப் பின்னால் ஒரே ஒரு ஒன்று.
விட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம் என்று
கை மூடும் பொத்தான் வரைக்கும் போனது.

விவரம்: இரண்டு.
திரை ஓடியது. மழைக்குப் பிறகு
குழித்துறை ஆறு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வருமே,
மட்டை, செருப்பு, யாருடையதோ வாளி,
அந்த ஓட்டம்.
கண்ணைத் தேய்த்துக்கொண்டு வரி வரியாக இறங்கினேன்.
எழுநூற்று ஆறாவது வரி:
ஞானசிகாமணி, களியல் டிப்போ,
நாற்பத்தொரு கிலோ, மழைநாள் பால்.
தசமத்தை ஒரு முறை வெட்ட வேண்டிய இடத்தில்
இரண்டு முறை வெட்டியிருக்கிறோம், இரண்டும் கீழ்நோக்கி.
கிலோ நூற்றெண்பது என்றால்
ஏழு ரூபாய் முப்பத்தெட்டு காசு.

டெஸ்டுக்காக இட்டுக்கட்டிய பெயர் என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
பட்டியலை எழுதியது அனிஷ்டன்.
சம்பளச் சீட்டில் அவன்
ஞா. அனிஷ்டன்.

தவறைத் திருத்த ஆறு நிமிடம் ஆனது.
போனை எடுக்க அதைவிட நேரம்.
"என்ன பற்றிச்சு ஒனக்கு?"
"ஒண்ணுமில்ல."
"முழுசா சொல்லு."

பதில் இல்லை.
பிறகு, எழுதுகிறான் என்று காட்டியது.
புள்ளி புள்ளி புள்ளி.
நின்றது.
மறுபடி புள்ளி புள்ளி புள்ளி.

விவரத்தை இரண்டிலேயே விட்டுவைத்தேன்.
லாக் பெருத்துவிடும் என்று முதலாளி குறைபடுவார்,
பெருக்கட்டும்.
கடைசிக் களியக்காவிளை பஸ் மேம்பாலத்தில் ஏறியது.
திரை பச்சையாகத்தான் இருந்தது, டிரைவர் பார்த்திருந்தால்.
நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.