நாலு நூல்

பதினாலாம் நம்பர் சாவிக்கு
மூன்று போல்ட்டுகள் இணங்கின.
நாலாவது இணங்கவில்லை.
உப்புக்காற்று பதினேழு வருசமாய்
அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.
யூட் மண்ணெண்ணெய் விட்டான்,
தட்டினான், தேத்தண்ணி குடித்தான்,
அதோடு பேசியும் பார்த்தான்:
மாதாவே என்று தொடங்கி
மாதாவுக்குக் கேட்கக்கூடாத சொல்லில் முடித்தான்.
பின்னேர ரயில் கொக்குவிலைக் கடந்தபோது
கராஜ் குலுங்க, அது கழன்றது.
ரயிலுக்கும் கூலி குடுக்கோணும் என்றான்.

பழைய கதிரையைத் தூக்கினோம்.
அடியில்
ஐந்து ரூபாய்க் குற்றி,
வாகினியின் கொண்டைக் கிளிப்,
காய்ந்த நாவல் கொட்டை,
அப்படியொன்று இல்லவே இல்லையென்று
நான் சத்தியம் பண்ணியிருந்த
தண்டப்பணச் சீட்டு:
அரியாலை, எழுபத்திரண்டு கிலோமீற்றர் வேகம்.
மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன்.
யூட் கூரைத் தகரத்தைப் பார்த்தான்.
நல்லவன்.

புதுக் கதிரைகள் புதியவை அல்ல.
ஜப்பானில் ஏதோ ஒரு காரிலிருந்து கழன்று
பஞ்சிகாவத்தையில் விலைபேசப்பட்டு
இரவு லொறியில், பிஸ்கற் பெட்டிகளின் நடுவே
ஏ ஒன்பதால் வந்தவை.
பந்தயக்காரருக்கென்று வார்த்த கிண்ணங்கள்.
விலாவுக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு என்று
நாலு செட்டைகள்.

ஓட்டுபவரின் கதிரையில் வலது விளிம்பு தேய்ந்து
பஞ்சு எட்டிப் பார்த்தது.
யாரோ ஒருவர் பல்லாயிரம் தடவை
அந்தப் பக்கத்தால் ஏறி இறங்கியிருக்கிறார்.
மற்றதில் ஒரு கீறல் இல்லை,
ஒரு மடிப்பு இல்லை.
அந்த மனிதர் தனியே ஓடியிருக்கிறார்.
எத்தனை மலை வளைவுகள்,
பக்கத்தில் ஓர் "ஐயோ, மெதுவா" இல்லாமல்.

வைத்துப் பார்த்தோம்.
பிடிச்சட்டத்தின் துளையும் தரையின் துளையும்
நாலு நூல் தள்ளி நின்றன.
அரை அங்குலம்.
ஜப்பானுக்கும் கொக்குவிலுக்கும் இடையே
மிச்சமிருந்த தூரம் அவ்வளவுதான்.
யூட் சோக்கால் குறியிட்டான்.
துளைப்பானின் வாயில் இரும்பு
கீரிக் கீரி அழுது
சுருள் சுருளாய் அவன் செருப்பில் விழுந்தது.

"ரெண்டுமோ, ஒண்டோ?"
ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.
சீலை கட்டுகிறவள், இடுப்பு நோகிறவள்,
அவளுக்குப் பழைய மெத்தை போதும் என்று
அவளைக் கேட்காமலே.
வங்கி முடிந்து வந்த வாகினி
ஸ்கூட்டி ஹெல்மெற் கழற்றாமல் வாசலில் நின்றாள்.
"உங்களுக்கு மட்டும் பிடி,
எனக்கு ஆட்டமோ?"
யூட் மற்றச் சட்டத்திலும் சோக்கை வைத்தான்.

பெல்ற் லைற் அணையவில்லை.
இரண்டு வயர்களைத் திருகி முடிந்தான்.
இனிக் கார் நம்பும், என்றான்,
எல்லாரும் ஒழுங்காய்க் கட்டியிருக்கினம் எண்டு.

அவள் முதுகால் ஏறினாள்,
கொசுவத்தைக் கையில் அள்ளி,
கிணற்றுக்குள் இறங்குகிறவள் போல.
நான் மூன்று அங்குலம் பதிந்து போனேன்.
மினிபஸ்சின் சில்லு நட்டுகளை எண்ணலாம்.
மீன்காரரின் சைக்கிள் பெட்டி
என் நெற்றிக்கு நேரே போனது.

இரண்டு பேருக்கென்றே செய்த கார் இது.
கோட்டையைச் சுற்றும் வளைவில்
அவள் தோள் வந்து என் தோளில் இடிக்கும்.
அது வளைவின் குற்றம் என்று
ஆறு வருசமாய் இருவரும் நடித்து வந்தோம்.
இன்று வளைவு வந்தது.
அவள் வரவில்லை.
செட்டைகள் பிடித்து வைத்திருந்தன.
நூல் கணக்காய் அளந்தவர்கள்
இதை அளக்கவில்லை.

பண்ணைப் பாலத்தில்
கடல் இருபுறமும் காதளவு நின்றது.
"நல்லாப் பிடிக்குது" என்றாள்,
எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடி.
என் இடுப்பையும் அது நன்றாகத்தான் பிடித்தது.
பிடித்த பிடியில்
பைக்குள் இருந்த சீட்டு
மெல்ல மெல்ல மேலே பிதுங்கி வந்ததை
நான் கவனிக்கவில்லை.
அவள் கவனித்தாள்.
இரண்டு விரலால் இழுத்தாள், விரித்தாள், வாசித்தாள்.
"எழுபத்திரண்டு.
அதுவும் அந்தப் பழைய சீற்றில."

மண்டைதீவுச் சந்தியில் மாடொன்று குறுக்கே வந்தது.
முழுக்க மிதித்தேன்.
நாங்கள் இருவரும்
இருந்த இடத்திலேயே இருந்தோம்.