மயிரிழை

கெய்யோன் துறைமுகத்தில் மழைக்கு விடுமுறை கிடையாது.
சால்மன் ஆலையின் வாசலில்
பசை உருளையால் எங்கள் முதுகை உருட்டுவாள்
மேற்பார்வைக்காரி ஒரியானா.
பேறுகால விடுப்பு முடிந்து போன முதல் நாள்
என் மேல் பதினேழு முடி.
எண்ணித்தான் சொன்னாள்.
"ஜப்பானுக்குப் போகிற பெட்டி, யஸ்னா.
ஒன்றே ஒன்று போதும், சரக்கு முழுக்கத் திரும்பி வரும்."
வலைத்தொப்பியை இரண்டாகப் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் ஏது வலை?
குளியலறைத் தூம்புவாயில்
நனைந்த எலிபோலச் சுருண்டு கிடக்கும்.
ரொட்டி மாவில். தலையணையில்.
இவானின் முள்கரண்டியில் ஒருநாள்.
அவன் மெதுவாக இழுத்தெடுத்து
காற்சட்டையில் துடைத்துக்கொண்டான், ஒன்றும் சொல்லாமல்.
அந்தச் சொல்லாமைக்குத்தான்
அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வயிற்றில் இருந்த வரை
ஒன்றுகூட உதிரவில்லை.
பின்னல் கனத்துத் தொங்கியது.
கடன் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த இரவு எலுனேய் அழுதாள்.
காய்ச்சல் இல்லை. வயிறு இளக்கம்தான்.
பால் வேண்டாம், தோள் வேண்டாம்.
காலுறையைக் கழற்றினால்
இடக்கால் நான்காம் விரல்
கத்தரிப்பூ நிறத்தில்.
கடலடியில் மட்டி தேடும் இவானின் கண்ணுக்கு
அது தென்படவில்லை.
என் நகத்துக்குத் தட்டுப்பட்டது.
என் முடி.
இரண்டு சுற்று, தானே போட்ட முடிச்சு.

மருத்துவ நிலையத்தில் இரவுப்பணி தெயோலிந்தாவுக்கு.
நெற்றியில் பூதக்கண்ணாடி, கையில் மெல்லிய கத்தி.
"மூச்சு விடாதே" என்றாள்,
குழந்தையிடம் அல்ல, என்னிடம்.
எங்களை வெட்டிப் பிரித்தது
இது இரண்டாம் முறை.
இந்த முறை சத்தமே இல்லை.

"மயிரிழையில் தப்பினாள்" என்றான் இவான்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.
எனக்குச் சிரிப்பு வந்தது,
நிறுத்த முடியாத சிரிப்பு.
தெயோலிந்தா தண்ணீர் கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஒரியானாவிடம்
வீட்டுக்கு ஓர் உருளை கேட்டேன்.
ஏன் என்று கேட்காமல் இரண்டு கொடுத்தாள்.
அன்று என் முதுகில் எத்தனை என்றும் சொல்லவில்லை.

இப்போது காலுறைகளை உட்புறம் திருப்பி
ஒவ்வொன்றாக உருட்டுகிறேன்.
விரலில் ஒரு வெளிர் வளையம் இன்னும் இருக்கிறது.
எலுனேய்க்கு அதெல்லாம் தெரியாது.
பால் குடித்தபடியே கை நீட்டி
என் முடியைப் பிடித்து இழுக்கிறாள்.
வலிக்காமலே வந்துவிடுகிறது.
மூடிய கையைப் பிரித்து
கட்டைவிரலிலிருந்து தொடங்குகிறேன்.