பன்னிரண்டு மணி பத்து நிமிடம்

மார்ஸ்டன் ஃபெல். நாலாயிரத்து எழுநூறு டன்.
நான் அதைக் கண்ணால் கண்டதில்லை.
டைன் ஆற்றோரம், மாடி அலுவலகத்தில்,
என் மேசைக்கு அது ஒரு தோல் அட்டைப் பேரேடு:
முப்பத்தொன்பது பெயர்,
எதிரே பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்.

போர் வந்தபின் அது போன வழியைச்
சரக்குச் சீட்டுகள்தான் சொல்லின.
போகையில் நிலக்கரி. வருகையில்
நார்விக்கின் இரும்புத் தாது, அந்த வாசல் சாத்தப்படும்வரை.
பிறகு ரொசாரியோக் கோதுமை, ஹாலிஃபாக்ஸ் பலகை,
ஒருமுறை பெட்டி பெட்டியாக முட்டைப் பொடி.
பின்தளத்தில் ஒரு பீரங்கி ஏற்றினார்கள்,
என்னைவிட மூத்தது.
பழகிக்கொள்ள ஏழு குண்டு தந்தார்கள்,
ஏழுக்கும் கையெழுத்து வாங்கினார்கள்.

எட்டரை நாட் வேகம். அதற்கு மேல் மூச்சு வாங்கும்.
வரிசையில் பின்தங்குகிறது, புகை கக்குகிறது என்று
கான்வாய் தலைவர் கடிந்து எழுதிய கடிதங்கள்
இரண்டு கோப்பில் இருக்கின்றன.
லிவர்பூலில் ஒரு குண்டு தளத்தைத் துளைத்து
வெடிக்காமல் கோதுமைக்குள் படுத்துக்கொண்டது.
சிந்திய கோதுமைக்கு
நாங்கள் இழப்பீடு கேட்டோம்.

கொதிகலன் அறையில் ஒன்பது பேர் ஏமன்காரர்கள்,
ஹோல்போர்ன் விடுதிகளிலிருந்து வந்தவர்கள்.
சாலிஹ் முக்பில், காசிம் தாபித், மற்றவர்கள்.
கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்.
ரேகையோடு கரித்தூளும் ஒட்டியிருக்கும் ஏட்டில்,
ஊதினாலும் போகாது.

நாற்பத்தொன்று, பிப்ரவரி. தந்தி.
அயர்லாந்துக்கு மேற்கே. டார்பிடோ. பதினான்கு பேர் மீட்பு.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
கம்பெனியின் உப்பைத் தின்றவர்களுக்கு
தண்ணீரும் உப்பாகவே கிடைத்தது.

கப்பல் மூழ்கும் நாளோடு சம்பளம் நிற்கும்.
அது விதி. நான் வகுத்ததல்ல,
கோடு போடுவது மட்டும் என் வேலை.
கோடு போட எனக்கு ஒரு தேதி வேண்டும்.

இரண்டாம் மேட் ஹெட்லி ஃபென்விக் வந்தார்,
யாருடையதோ மேல்கோட்டில், விரல்களில் கட்டோடு.
எத்தனை மணிக்கு மூழ்கியது என்றேன்.
சிரித்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேசைமேல் வைத்தார்.
பதினொன்று நாற்பதில் நின்றிருந்தது.
'நான் தண்ணீரில் விழுந்த நேரம் இது.
கப்பல் விழுந்ததை யார் பார்த்தது?
இருட்டு. எண்ணெய். கீழே இருந்தவர்கள்
கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
தட்டுவது நின்றது எப்போதோ.'

பேனாவில் மை தொட்டேன்.
பதினொன்றாம் தேதி, பன்னிரண்டு மணி பத்து நிமிடம்
என்று எழுதினேன்.
நள்ளிரவுக்கு அந்தப் பக்கம் பத்தே நிமிடம்;
முப்பத்தொன்பது பேருக்கு ஒரு நாள் கூலி.
ஃபென்விக் தலைகீழாக அதைப் படித்தார்.
'இருக்கலாம்' என்றார். 'நல்ல கப்பல் அது.'

மேலாளர் ரிட்ஸ்டேல் அந்த வரியருகே
சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.
கேட்கவில்லை.

இப்போதும் சில இரவுகளில் அந்த அரை மணி நேரம்
என் மையின் பலத்தில் மிதக்கிறது மார்ஸ்டன் ஃபெல்.
கீழே யாரோ உலைக்குக் கரி அள்ளுகிறார்கள்.
வேகம் எட்டரை. பின்தங்கித்தான்.

வெள்ளிக்கிழமை ஹில்டா முக்பில் வந்தாள்,
லேகேட் பெண், சாலிஹின் மனைவி.
கையில் எங்கள் கடிதம்:
செய்தி எட்டுமுன் ஒன்பது நாள்
அதிகமாகத் தந்துவிட்டோம், திருப்பித் தருக.
'தண்ணீரில் கிடந்தாரே,' என்றாள்,
'அது விடுப்பிலா?'
ஒன்பதை அடித்து எட்டாக்கிக் காட்டினேன்.
நெடுநேரம் அந்த எட்டையே பார்த்தாள்.
தேயிலை டப்பாவைத் திறந்து
காசு காசாக எண்ணி வைத்தாள்.
ரசீது கேட்டாள்.
கொடுத்தேன்.