ஊசி தொடாத ஆறு மெத்தைகள்

யூமாவில் ஒரு மோட்டல் மூடியது.
நீச்சல் குளத்தில் மண் கொட்டும் முன்
கரையில் கிடந்த சாமான்களை ஏலம் விட்டார்கள்.
இரண்டு சோபா, ஆறு மெத்தை, நாற்பது டாலர்.
வெர்னா ஓச்சோவா கை தூக்கினாள்.
வேறு யாரும் தூக்கவில்லை.

ஒவ்வொரு மெத்தையும் கதவு அகலம்.
ஒரு காலத்தில் நீலம் என்பது
மடிப்புக்குள் மட்டும் தெரிந்தது.
மீதியை வெயில் தின்று
எலும்பு நிறத்தில் துப்பியிருந்தது.
விரல் பட்டால் துணி
அப்பளமாய் நொறுங்கியது.

தைக்கத் தெரியுமா என்று கேட்டான் தம்பி ரொஹேலியோ.
தைப்பவர்களுக்கு நூல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்,
அதோடு சரி, என்றாள்.

பழைய உறையைக் கத்தரியால் கீறினாள்.
உள்ளே நுரை, பால் விடாத தேநீர் நிறத்தில்.
நடுவில் ஒரு பள்ளம்,
முன்பின் தெரியாதவர்கள்
கூடிச் செய்த பள்ளம்.
இரண்டு சில்லறைக் காசு,
ஒரு குழந்தைக் கண்ணாடியின் ஒற்றைக் கால்,
பதினான்காம் அறையின் சாவி.
கதவுகளைப் போன வாரமே லாரியில் ஏற்றிவிட்டார்கள்.
சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

பெயின்ட் அடிப்பவர்கள் தரையில் விரிக்கும் கான்வாஸ்,
மலிவு, நல்ல கனம்.
முதல் நாள் பசைத் துப்பாக்கி எடுத்தாள்.
ஓரம் மடித்து, சூடாக ஒரு கோடு இழுத்து,
முப்பது எண்ணும்வரை அழுத்தி
மூன்று மெத்தை முடித்தாள்.
முற்றத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்,
இரவு வேலைக்காரிக்குப் பகல்தானே ராத்திரி.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
நாலு மணிக்கு எழுந்து பார்த்தால்
பசைக்குத் தன் பழைய நினைப்பு திரும்பியிருந்தது.
மடிப்பெல்லாம் வாய் பிளந்து
மூன்றும் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன.

ஸ்டேப்லர் தரட்டுமா என்றான் ரொஹேலியோ,
சிரிப்பை அடக்காமல்.
எதில் அடிக்க?
நுரையில் அடிப்பது
தண்ணீரில் ஆணி அடிப்பது.

அன்று ராத்திரி மூன்றாம் மாடியில்
ஒரு படுக்கை காலியானது.
எப்படிக் காலியானது என்பதை
அவள் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.
புது விரிப்பை உதறினாள்.
கால்மாட்டில் தொங்கும் துணியைச் செருகி,
பக்கத்து ஓரத்தைத் தூக்கி மேலே சாய்த்து,
மிஞ்சியதைக் கீழே செருகி,
சாய்த்ததை இறக்கி, இழுத்து, மறுபடி செருகி
நின்றாள்.
இருபத்திரண்டு வருடமாய்க் கை செய்துவந்ததை
அன்றைக்குத்தான் கண் பார்த்தது.

அடப் பாவி, என்றாள் தன் கையிடம்,
தெரிந்துமா சொல்லவில்லை?

காலையில் சீருடைகூட மாற்றவில்லை.
கான்வாஸை விரித்து
மெத்தையைக் குப்புறப் போட்டாள்,
நோயாளியைப் புரட்டும் அதே பதம்,
முழங்கை விலாவோடு, இடுப்பைத் தாழ்த்தி.
இருபத்து நான்கு மூலைகள்.
கீழே, யார் கண்ணும் படாத பக்கத்தில்,
நாலு விரற்கடைக்கு ஒரு ஊக்கு.
துருப்பிடிக்காத வகையாகப் பார்த்து வாங்கியது
மழைக்காக அல்ல,
அந்த ஊரில் மழை ஒரு வதந்தி.
குழாயடியில் புரண்டுவிட்டு
நேரே சோபாவில் ஏறும் நாய்க்காக.

ஆறாவதற்குத் துணி ஒரு சாண் குறைந்தது.
பழைய உறையில்
மடிப்புக்குள் ஒளிந்து பிழைத்த நீலத்தை
நீளவாக்கில் வெட்டி அடியில் ஒட்டுக் கொடுத்தாள்.
பையில் கை விட்டவளுக்குச் சாவி தட்டுப்பட்டது.
சற்று யோசித்தாள், அதிகமில்லை.
நீலத்துக்குள் வைத்து மடித்து ஊக்கு மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்து
இரும்பைத் தொடலாம் என்ற நேரத்தில்,
ரொஹேலியோ பீர் டப்பாவோடு வந்து
பொத்தென்று உட்கார்ந்தான்,
பாதியில் எழுந்தான்.
ஊக்கு குத்துது.
எது, அந்த ஓரத்திலா?
ஆமாம்.
அது ஊக்கு இல்லை,
பதினான்காம் அறை.
கொஞ்சம் தள்ளி உட்கார்.