மீட்டருக்கு முப்பத்திரண்டு

எங்கள் தட்டில் சூப் சரிந்தே நிற்கும்.
ஜன்னல் பக்கம் விளிம்பைத் தொடும்,
அடுப்புப் பக்கம் பீங்கானில் போட்ட
நீலப்பூ முழுசாய்த் தெரியும்.

சூப் சரியவில்லை என்பார் ஸெநோன்.
சுரங்கக் கம்பெனியின் சேத அலுவலகத்திலிருந்து
வருஷத்துக்கு இருமுறை ரசமட்டத்தோடு வருகிறவர்.
"இந்த வீட்டில் நேராக இருப்பது
அது ஒன்றுதான், துருடா அம்மா."
நோட்டில் குறித்துக்கொண்டு போவார்:
மீட்டருக்கு முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.

எழுநூறு மீட்டருக்குக் கீழே
என் வீட்டுக்காரர் எவால்ட்
ஒரு தெரு நீளத்துக்கு ஒரே சீவலாக
நிலக்கரியைச் சீவிக்கொண்டு போகிறார்.
கூரையைத் தாங்கும் இரும்புக் கால்கள்
இயந்திரத்தின் பின்னாலேயே நகர்ந்து வரும்.
கால் எடுத்த இடத்தில் பாறை இறங்கும்.
இறங்கவிட வேண்டும், அதுதான் முறை.
இறங்காமல் தொங்கினால்தான் பயம் என்பார்.

ஸெநோனின் வரைபடத்தை ஒருமுறை
மேஜையில் விரித்துக் காட்டச் சொன்னேன்.
ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு பிப்ரவரி,
சீவல் எங்கள் சமையலறைக்கு அடியில் போயிருக்கிறது.
அந்த வாரம் என்ன சமைத்தேன் என்று யோசித்தேன்.
முட்டைக்கோஸ்.
வியாழக்கிழமை அலமாரிக் கதவு தானாகத் திறந்தது.
போய்ச் சாத்தினேன்.
திரும்பத் திறந்தது.

"உனக்குத் தெரியுமா அன்றைக்கு?" என்று கேட்டேன்.
குளித்து வந்த பிறகும்
இமையோரம் கரி மை தீட்டியிருந்தது அவருக்கு.
"கீழே தெருப்பெயர் எழுதி வைக்கவில்லை துருடா"
என்றார். ரொட்டியைப் பிட்டார்.

கூடத்தில் புனித பார்பராவின் படம்.
ஆணியில் அது ஒழுங்காகத்தான் தொங்கியது.
வருகிறவர்கள் எல்லாரும்
படத்தைத்தான் திருத்திவிட்டுப் போனார்கள்.
சுவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் பழகினோம்.
கட்டிலின் ஜன்னல் பக்கக் கால்களுக்கு
எவால்ட் இரண்டு ஓக் கட்டைகள் அறுத்து வைத்தார்.
பிள்ளைகளின் கட்டிலுக்குக் கட்டை போதவில்லை,
அவர்கள் சாய்ந்தே தூங்கினார்கள்.
ஞாயிற்றுக்கிழமைக் கசகசா கேக்
ஓர் ஓரம் ஒரு விரல், மறு ஓரம் இரண்டு விரல்.
தடித்த துண்டுக்கு லுச்யாவும் அவள் தம்பியும்
முறைவைத்துச் சண்டை போட்டார்கள்.

போன அக்டோபரில் வீட்டை நிமிர்த்தினார்கள்.
நிலவறைச் சுவரை நீளவாக்கில் அறுத்து
நாற்பத்தொரு ஜாக்கிகள்.
எங்களை வெளியே போகச் சொல்லவில்லை,
கண்ணாடிச் சாமானை மட்டும் தரையில் வைக்கச் சொன்னார்கள்.
பதினோரு நாள்,
நாங்கள் பல் தேய்க்க, துணி மடிக்க,
வீடு எங்களோடு எழும்பிக்கொண்டிருந்தது.

ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றதை
பிரசவ ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காட்டுவதுபோல்
ஸெநோன் ஏந்திக் காட்டினார்.
நான் கைதட்டக்கூடச் செய்தேன்.
தட்டிக்கொண்டே ஓரடி வைத்தேன்,
இல்லாத மேட்டில் கால் ஏறியது.

லுச்யா பிறந்ததே சாய்ந்த வீட்டில்.
கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
"வீடு விழுது, வீடு விழுது" என்று அழுதாள்.
இரண்டு நாள் வாந்தி.
ஞாயிற்றுக்கிழமை கேக் நாலு பக்கமும் ஒரே தடிமன்.
சத்தமில்லாமல் தின்றார்கள்.

ஓக் கட்டைகளை உருவி அடுப்பில் போடப் போனேன்.
எவால்ட் கையைப் பிடித்தார்.
"இருக்கட்டும்."
"எதற்கு?"
தரையை ஒருமுறை பார்த்தார்.
"அதற்கும் அடியில் இன்னோர் அடுக்கு இருக்கிறது.
வர இரண்டு வருஷமாகும்."

அலமாரி மேல் வைத்தோம்.

விளக்கணைக்கப் போனபோது அங்கே காணவில்லை.
பிள்ளைகளின் அறையில் எட்டிப் பார்த்தேன்.
கட்டிலின் சுவர்ப் பக்கக் கால்களுக்கு
ஆளுக்கொரு கட்டை செருகிவிட்டு
ஜன்னலை நோக்கிச் சரிந்து
இருவரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.