வலது பின்சக்கரம்

போர்த்திமாவில் கொடி விழுந்தாயிற்று.
நாலு மணி நேரம் ஓடி இன்றைக்கு ஏழாவது,
ஆண்டுக்கணக்கில் நான்காவது.
மூன்றாமிடம் ஒரே ஒரு புள்ளி தள்ளி.

லெயோனில்த் நோட்டைப் புரட்டுகிறாள்.
ஏப்ரல்: மழையில் தப்பான டயர்.
ஜூலை: கழன்றோடிய நட்டு, பதினோரு வினாடி.
அதை முடுக்கியவன் நான்.
அவள் பேர் எழுதவில்லை,
‘வலது பின்சக்கரம்’ என்றுதான் எழுதியிருக்கிறாள்
எனக்கு ஞானஸ்நானம் செய்ததுபோல.

அன்செல்மு தலைக்கவசத்தைக் கழற்றாமலே
ஆரஞ்சு உரிக்கிறான்.
உரித்து முடித்த பிறகே
வாய் மூடியிருப்பது தெரிகிறது அவனுக்கு.
யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும்.

லாரி வந்துவிட்டது.
இனி மார்ச்வரை உருளாத வண்டி;
ஆனாலும் குனிந்து
அந்த நட்டை இன்னொரு முறை முடுக்கினேன்.

அவள் பார்த்துவிட்டாள்.
நேரம் குறித்தாளா, தெரியவில்லை.