கேமரா நாலு

உமையாள் துபாயிலிருந்து கூப்பிட்டபோது
எனக்கு மணி ஐந்து, அவளுக்கு மூன்றரை.
கானாடுகாத்தான் வீட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டான் என்றாள்.
செயலி அப்படித்தான் சொல்லியிருந்தது:
மனித நடமாட்டம், பின்கட்டு, 2.47.

ஏணியும் டெஸ்டருமாய்ப் போனேன்.
காவலுக்கு இருக்கும் அடைக்கலம்
பூட்டுகளை இழுத்து இழுத்து எண்ணிக்கொண்டிருந்தார்.
நாற்பத்தொன்று. எல்லாம் பூட்டினபடி.

பதினொரு விநாடி.
கிணற்றடியில் தொடங்கி
ஆட்டுரலைத் தாண்டி
சுவர் சரிந்த இடத்தில் முடிகிறது.
முன்பக்கம் உயரம், பின்பக்கம் இறக்கம்,
காசு தீர்ந்து பாதியில் நிறுத்திய கட்டடம் மாதிரி
ஒரு முதுகு.
பிடரியில் மயிர் சிலிர்த்திருந்தது,
அல்லது லென்சில் சிலந்தி நூல்.
ஐந்தாம் விநாடியில் திரும்பிப் பார்க்கிறது.
இரண்டு வெள்ளைப் பொத்தான்.

கழுதைப்புலி என்றார் அடைக்கலம்.
உடனே, இல்ல இல்ல, அதெல்லாம் எங்க இப்ப, என்றார்.

கழுதையுமில்லை, புலியுமில்லை.
பேர் வைத்தவனே சரியாகப் பார்க்கவில்லை போல.
இருட்டில் பாதி கண்டு
மீதிக்கு வேறு இரண்டு மிருகத்திடம்
கைமாற்று வாங்கியிருக்கிறான்.

வனத்துறை ரெஜினா ஸ்கூட்டியில் வந்தார்.
டேப்பை இழுத்து ஆட்டுரலை அளந்தார்,
திரையில் அதன் தோளை விரலால் அளந்தார்,
மறுபடி ஆட்டுரல்.
"சொறி பிடிச்சு இடுப்பு விழுந்த நாயா இருக்கலாம்."
இருக்கலாமா?
"கடைசியா ஒண்ணு திருமயம் ரோட்டுல லாரியில அடிபட்டுச்சு.
நான் அப்ப பொறக்கல.
அதுக்கப்புறம் பதிவேட்டுல வெறும் கோடுதான்."
கால்தடம் கேட்டார்.
பின்கட்டு முழுக்கக் கல் பாவியது.

அதற்குள் பங்காளிகள் குழுவில் சுற்றிவிட்டது.
வீட்டுக்குப் பதினெட்டுப் பங்கு.
கிள்ளானிலிருந்து வயிரவன்:
ஓட்டலுக்குக் கேட்டவன் ஓடிவிடுவான், அழித்துவிடு.
கோயம்புத்தூர் சோலையப்பன்:
ஓட்டலுக்கு இதைவிட விளம்பரம் உண்டா, அழிக்காதே.
பேர் வராத ஓர் எண்:
அது யார் பங்கில் நின்றது?

ரெஜினா நோட்டில்
அடையாளம் காண இயலாத விலங்கு
என்று எழுதினார்.
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.
"இந்த ஊர்ல கறிக்கடைக் கழிவை எங்க கொட்டுறாங்க?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.
அது ஒன்று என்றால்
அதற்கு ஒரு தாய் இருந்திருக்க வேண்டும்.
அந்தத் தாய்க்கும் ஒரு தாய்.
இத்தனை லாரிக்கும், இத்தனை டார்ச்சுக்கும்,
எறும்புகூட அண்டாத தைலமரத் தோப்புக்கும் நடுவே
ஒருவர் கண்ணிலும் படாமல்
குட்டி போட்டு, குட்டிக்கு ஒளியக் கற்றுக்கொடுத்து.
நாய் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.
நாய் என்று நினைத்துத் தூங்கப் பார்த்தேன்.

பதினைந்து நாளில் பெட்டி
பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்ளும்.
எழுதிக்கொண்டது.
கைபேசிகளில் இருப்பதோ
அனுப்ப அனுப்பத் தேய்ந்து
ஆட்டுரல் எது, மிருகம் எது என்று
தெரியாத சாம்பல்.

நூலாம்படை துடைக்க மறுபடி போனேன்.
பின்சுவரோரம் வெள்ளையாய் நாலைந்து கட்டி.
"தெனம் உதிருது, தெனம் பெருக்குறேன்" என்றார் அடைக்கலம்.
நூறு வருசச் சுண்ணாம்பு, உதிராமல் என்ன செய்யும்.
எலும்பு தின்கிற மிருகத்தின் விட்டை
வெள்ளையாய்க் காயும் என்று
ஸ்கூட்டியை உதைக்கும்போது ரெஜினா சொன்னது
எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஒரு கட்டியை எடுத்து ஆணி டப்பாவில் போட்டேன்.
கனமே இல்லை.
தண்ணீரில் போட்டு உடைத்தால் தெரிந்துவிடும்.
போடவில்லை.

ஆள் முகத்துக்கென்று வைத்திருந்த கேமரா நாலை
மூன்றடி தாழ்த்தி முடுக்கினேன்.
பில்லில் அதைச் சேர்க்கவில்லை.